அண்ணனுக்கு வைத்த பத்திரிகை

1

எங்கள் மகள் யாழினியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் உத்ரெக்ட் நகரில், நகராட்சி மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குக் கல்யாணம். இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாற்பது பேர் வரலாம். அவளும் மார்ட்டின் என்கிற அந்தப் பையனும் கைபேசியில் ஒரு படம் அனுப்பினார்கள், அதுதான் அழைப்பு. அதில் எங்கள் பெயர்கூட இல்லை. கேட்டதற்கு, "நீங்கதான் எப்படியும் வருவீங்களே அப்பா" என்றாள்.

ஆனாலும் நான் ஊருக்கு வந்து, கண்ணமங்கலத்தில் ஓர் அச்சகத்தில் நூறு பத்திரிகை அடித்தேன். மேலே பிள்ளையார், நாலு ஓரத்திலும் மஞ்சள், இரண்டு பக்கமும் பெயர்கள். நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, என் அண்ணன் ஏழுமலையின் வாசலில் நின்று நீட்ட வேண்டும். என் மனைவி கலாவின் ஒன்றுவிட்ட தம்பிகள், பேசிப் பத்து வருஷமான சித்தப்பா மகன், அவன் மச்சான் வரைக்கும் அதில் பெயர் உண்டு. பெரியப்பா என்ற இடத்தில் மட்டும் யாரும் இல்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கும் தாளை நானே கையால் எழுதினேன். எழுதிக்கொண்டு போன வேகத்தில், பழக்கத்தில், 'பெரியப்பா: கோ. ஏழுமலை' என்று வந்துவிட்டது. இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'கோ.மூ.' என்று சுருக்கொப்பம் போட்டேன். அச்சகத்துப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார் இது, ரெஜிஸ்டர் ஆபீஸ் பத்திரமா? அடிச்சதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அது நைனா கற்றுக்கொடுத்த வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணமங்கலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவர். ஒரு சொல்லை அடித்தால் இரண்டு கோடு, பக்கத்தில் ஒப்பம். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு எவனோ அடித்தான் என்று பேச்சு வரும் என்பார். பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில்கூட நாங்கள் இருவரும் அப்படித்தான் அடிப்போம். நெதர்லாந்தில் ஒரு முறை வரிப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இந்த எழுத்துகள் என்ன என்று கேட்டு.

2

நைனா இறந்து இந்தத் தை மாதத்தோடு பத்தொன்பது வருஷம். எனக்கு மறதி கிடையாது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

அவர் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அப்போது என் வசிப்பு அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. அது வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய ஒரு தனி முத்திரை வேண்டும். அதற்குத் தனி விண்ணப்பம், ஆறு இணைப்புகள். குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "போகலாம், ஆனால் திரும்பி வருவதற்கு நான் பொறுப்பில்லை" என்றாள். புது வேலை, கையில் மூன்று வயதுக் குழந்தை. விண்ணப்பத்தை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். பயமாக இருந்தது. நிரப்பவில்லை. நைனா மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும், "கடுதாசி இன்னும் வரல நைனா" என்றேன்.

அவர் போன செய்தியை அண்ணன் போனில் சொன்னான். நான் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, சித்தப்பா மகன் கருமாதிப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினான். அதில் மகன் கோ. ஏழுமலை, மருமகள் வள்ளியம்மாள். அவ்வளவுதான். நைனாவுக்கு ஒரே பிள்ளை என்று ஊருக்கே அச்சடித்துச் சொல்லியிருந்தார்கள்.

போன் செய்து கேட்டேன். "அச்சாபீஸ்ல வுட்டுட்டான்டா. நானும் பார்க்கல" என்றான் அண்ணன். நான் சும்மா விடுகிற ஆளா? அந்த வாரமே அச்சாபீஸ்காரரைப் போனில் பிடித்தேன். அவர் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் எழுதிக் குடுத்ததுல உங்க பேரே இல்லியே சார்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கலா வேறு சாதி. அவளை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அண்ணன் வரவில்லை. நைனா வந்தார். வந்து, முதல் சாட்சியாக அவரே கையெழுத்துப் போட்டார். அப்படிப்பட்டவர் கண்ணை மூடியதும் மூத்தவன் தன் வேலையைக் காட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அதோடு பேச்சு நின்றது. அந்தக் கருமாதிப் பத்திரிகை பத்தொன்பது வருஷமாக என் பாஸ்போர்ட் வைக்கும் உறையில் இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையத்திலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டை எடுப்பேன்.

3

சென்னையில் ஒரு மின்சாரக் காரை வாடகைக்கு எடுத்தோம். கலா வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. நெதர்லாந்தில் ஆறு வருஷமாக மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாததா? அண்ணன் வாசலில் போய் இறங்கும்போது கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

என் கணக்கு எங்கே தப்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் நாட்டில் மேடு என்றால் கால்வாய்ப் பாலம்தான். அங்கே கிலோமீட்டரைப் பார்த்தால் போதும். மலை என்ற ஒன்றைக் கணக்கில் சேர்க்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவனுக்கு! இரண்டு நாள் வேலூர், ஆரணி என்று கலாவின் சொந்தங்களைப் பார்த்துச் சுற்றியதில், போளூருக்கு வரும்போது பேட்டரியில் முப்பத்தொரு சதவீதம் மிச்சம். நூற்றுப்பத்து கிலோமீட்டர் போகும் என்றது திரை. அண்ணன் ஊர் மலை மேல், ஜமுனாமரத்தூரைத் தாண்டி. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான்.

"இங்கியே சார்ஜ் போட்டுட்டுப் போலாம்" என்றாள் கலா.

ஓர் ஓட்டல் வாசலில் சார்ஜ் ஏற்றும் கம்பம் ஒன்று இருந்தது. அதன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். கல்லாவில் இருந்தவர், "அது வெச்சதுல இருந்தே அப்டித்தான் கீது சார். டிபன் சாப்டுறீங்களா?" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மலைப்பாதை தொடங்கியதும் எண் இறங்கத் தொடங்கியது. முன்னால் புளி மூட்டை ஏற்றப் போகும் காலி லாரி. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டே, வாசலில் சொல்லப்போகும் வசனத்தை நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'குடும்பத்தோட வந்துடணும்ணா' என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். கலா திரையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இருவத்திரண்டு."

"போதும்."

"பத்தொம்பது. இன்னும் பாதி மலைகூட ஏறல."

ஏசியை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தோம். பதினான்கில் அவள் எண் சொல்வதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம். மூங்கில் புதர்களைத் தாண்டி மேடு தட்டையான இடத்தில் எட்டு. அங்கே கலா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பத்திரிகைய நீட்டிட்டு உடனே கிளம்பணும்னீங்களே. எதுல கிளம்புவீங்க?"

4

அண்ணனுக்கு மலையில் ஒரு சாமை மில் இருக்கிறது. நைனா போன மறு வருஷமே கண்ணமங்கலத்தை விட்டு மேலே வந்துவிட்டான். மலைக்காரர்கள் கொண்டுவரும் சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கித் தரும் வேலை. அந்த மில்லைத் தவிர, மூன்று மைல் சுற்றுவட்டத்தில் கார் வயரைத் தாங்கும் பெரிய பிளக் வேறெங்கும் இல்லை. அவமானப்படுத்த வந்த வீட்டில் கரண்ட் கேட்டு நிற்க வேண்டிய நிலைமை.

ஆறு சதவீதத்தோடு உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்று. அண்ணன் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க உமித் தூசி. வயசாகியிருந்தது, என் மூக்கு, என் முன்வழுக்கை. காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சத்தமே இல்லாம வர்றே" என்றான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி ஓடிவந்து கலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா கலா. வாங்க தம்பி. வூட்டுக்குள்ள வாங்க." சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "நன்றி" என்றேன். அண்ணி புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "தண்ணிக்கு நன்றியாம்" என்று சிரித்தாள். நெதர்லாந்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பழகிய வாய்.

வயரைச் சொருகினோம். ஆறு மணி நேரம் என்றது கார். மில் மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் போய் மில்லை நிறுத்தினான். சாமை மூட்டையோடு வந்திருந்த ஏழெட்டுப் பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா மில்லுக்காரரே, நிறுத்திட்டீங்க?" என்றார் ஒருவர்.

"தம்பி வண்டிக்குக் கரண்ட்டு ஏறுது. சாயந்தரம் அரைச்சித் தர்றேன். சாப்ட்டு இருங்க."

தம்பி என்று சொல்லிவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு செய்துவிட்டுத் தம்பி என்று எப்படி வாய் வருகிறது என்று பல்லைக் கடித்தேன். தட்டு, வெற்றிலை, பத்திரிகை எல்லாம் பின் இருக்கையில் இருந்தன. இப்போதே நீட்டினால் வயரைப் பிடுங்கிவிடுவானோ என்ற பயம். அதனால் மத்தியானம் அவன் வீட்டுச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதற்காக ஒன்றும் மாறிவிடவில்லை.

5

மூன்று மணிக்கு யாழினி வீடியோவில் கூப்பிட்டாள். மண்டபத்தில் பூ வைக்கலாமா என்று நகராட்சிக்கு எழுதிய கடிதத்துக்கு, பன்னிரண்டு வேலை நாளில் பதில் வரும் என்று பதில் வந்திருக்கிறதாம். பாதி டச்சு, பாதி ஆங்கிலம். தமிழ், 'அப்பா' என்ற சொல்லோடும் இரண்டொரு நல விசாரிப்போடும் முடிந்துவிடும்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இன்னா கண்ணு, நல்லா கீறியா?"

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "நல்லா இருக்கேன். நீங்க யாரு?"

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா என்று ஒருவர் உண்டு என்பதையே நான் சொல்லி வளர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மறந்துபோனவை நிறைய. இதை நான் மறக்கவைத்தேன். அவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"நானா? இங்க மில்லு வெச்சிருக்கேன்மா" என்றான்.

அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாகவே இனித்தது. கலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

6

ஐந்து மணிக்கு ஐம்பத்திரண்டு சதவீதம். வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். காரைத் திருப்பி, முகப்பு சாலையைப் பார்க்கும்படி நிறுத்தினேன். பிறகு தட்டை எடுத்தேன். கலா பக்கத்தில் வந்து நின்றாள்; தட்டைத் தொடவில்லை.

"ண்ணா, பொண்ணுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்."

அண்ணி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "படிங்க, கேக்கலாம்" என்றாள் அண்ணி.

அவன் சத்தமாகப் படித்தான். நைனாவின் பெயர், என் பெயர், கலாவின் பெயர். பிறகு மாமன்மார், சித்தப்பாமார், மச்சான்மார். நிதானமாக, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நொடி நின்று படித்தான். கடைசி வரிக்குப் பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அண்ணி அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அச்சாபீஸ்ல வுட்டுட்டான் போல கீது" என்றான், அண்ணியிடம்.

எனக்காக அவனே பொய் சொன்னான். தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லோரும் மானத்தோடு பிரிந்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே நான் எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தேன்.

"வுடல. நான்தான் போட வேணாம்னு எழுதிக் குடுத்தேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். பத்திரிகையைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனான். சண்டைக்கு ஏதாவது எடுத்துவரப் போகிறானோ என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டாவும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தான். அதிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

பத்திரம் எழுதும் நீளத் தாள். நைனாவின் கையெழுத்து. நடுக்கம் இருந்தாலும் வரிசை கோணவில்லை. தன் கருமாதிப் பத்திரிகைக்கு அவரே எழுதி வைத்த பெயர்ப் பட்டியல். முதலில் கோ. ஏழுமலை, வள்ளியம்மாள். அதற்குக் கீழே கோ. மூர்த்தி, கலாவதி, பேத்தி யாழினி. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு கோடு. பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம்.

"மூணு வாட்டி உனக்குப் போன் பண்ணாரு" என்றான் அண்ணன். குரல் ஏறவில்லை. "மூணு வாட்டியும் கடுதாசி வரலன்னே. மூணாவது வாட்டி போனை வெச்சிட்டு, அந்தத் தாளை எட்றான்னாரு. எத்தையோ சேக்கப் போறாருன்னு எடுத்துக் குடுத்தேன். அடிச்சாரு. வாணா நைனான்னு சொன்னேன். ஒப்பத்தயும் போட்டுட்டாரு."

"அச்சாபீஸ்னு ஏன் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது? பெத்த அப்பன் உம் பேர அடிச்சிட்டுச் செத்தாருன்னு சொல்லட்டுமா? எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன்."

"அப்ப இன்னிக்கி ஏன் காட்றே?"

அவன் தட்டைக் காட்டினான். "நீ இத்த குடுத்தியே, அதான். உனக்கு மட்டுந்தான் வலிக்குமா?"

பத்திரிகையை எடுத்துக்கொள்ளத் தட்டை நோக்கிக் கையை நீட்டினேன். அண்ணி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வெச்ச பத்திரிகய திருப்பி வாங்கக் கூடாது தம்பி" என்றாள். "பொண்ணுக்கு ஆவாது."

அண்ணன் பத்திரிகையையும் நைனாவின் தாளையும் ஒன்றாக மடித்து, அதே உறைக்குள் வைத்து மூடினான். பிறகு மரத்தடியைப் பார்த்து, "வாங்கப்பா, மூட்டையத் தூக்குங்க" என்றான். நாங்கள் காரில் ஏறியபோது மில் ஓடத் தொடங்கிவிட்டது.

7

இறக்கத்தில் பிரேக் அழுத்த அழுத்த பேட்டரி தானாக ஏறியது. ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு. ஏறும்போது வாய் ஓயாமல் எண் சொன்ன கலா இப்போது பார்க்கவே இல்லை. பாதி மலையில் மட்டும் கேட்டாள்.

"அந்த விண்ணப்பத்த நிரப்பியிருந்தா எத்தனை நாள்ல முத்திரை குடுத்திருப்பாங்க?"

"பத்து நாள்."

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. நைனா மேல் இருக்கிறது, அண்ணன் மேலும் இருக்கிறது, இத்தனை வருஷம் என்னை நானே நல்லவன் என்று நினைத்துக்கொள்ள விட்டதற்கு.

அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்கு எதிரில் நிறுத்தினேன். பின் இருக்கையில் மீதி தொண்ணூற்றொன்பது பத்திரிகையும் கட்டாக இருந்தன. கட்டின் மேல், நான் எழுதிக்கொடுத்த தாளை அச்சகத்துப் பெண் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். பெரியப்பா என்ற இடத்தில் அண்ணன் பெயர். அதன் மேல் இரண்டு கோடு, ஒரே அளவு இடைவெளியில், நைனா போடுகிற மாதிரியே. பக்கத்தில் என் ஒப்பம். வேறு எவனோ அடித்தான் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.